தர்சனின் கையெழுத்து

நிஷாந்தினி செய்கிற கேக்கில் பூக்கள் நிஜப் பூக்களைப் போலவே இருக்கும். ஐசிங் பையை அவள் கையில் எடுத்தால் ரோஜா இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்துகொண்டு வரும். மல்லிகை மொட்டின் நுனியில் சின்னதாக ஒரு முறுக்கு விழும். இலைகளில் நரம்புகூடத் தெரியும். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே, மேட்டில் ஏறும் பாதையோரம் இருக்கிற அவளுடைய வீட்டுக் குசினியிலிருந்து கல்யாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் கேக் போகத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. வாங்கிப் போனவர்கள் பூக்களைத்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். எழுத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

எழுத்து அவளுக்கு வரவேயில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கணக்கு வரும், படம் வரைய வரும், எழுதினால் மட்டும் வரி மலையேறும். ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு இருந்தால் அடுத்தது புளியங்கொட்டை அளவில் இருக்கும். கோழி கிளறியது போல இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஆசிரியர்களும் அலுத்துப்போனார்கள். அதற்குப் பிறகு போன் வந்தது. எல்லாவற்றையும் விரலால் தட்டினால் போதும் என்றானது. கையால் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் பத்து வருடத்துக்குமேல் நிம்மதியாக இருந்தவள், போயும் போயும் கேக்கின்மேல் எழுத வேண்டிய தொழிலுக்குள் வந்து விழுந்தாள்.

சின்னப் பெயர்களாக இருந்தவரை சமாளித்தாள். 'சீதா' என்றால் எப்படியோ எழுதிவிட்டுச் சுற்றிலும் பூக்களைப் போட்டுக் கோணலை மறைத்துவிடலாம். அவளைக் கவிழ்த்தது சுந்தரலிங்கம் என்கிற பெயர்.

சுந்தரலிங்கம், அவளுடைய கணவன் சதீஸ்குமார் வேலை செய்யும் அலுவலகத்தின் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஓய்வுபெற்றுப் போகும் அன்று பிரியாவிடைக்கு ஒரு ரிப்பன் கேக் வேண்டும் என்று அலுவலகத்தில் முடிவானது. சதீஸ்குமார் பெருமையோடு, "எங்க வீட்லயே செஞ்சிரலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அன்று காலை நிஷாந்தினி 'சு'வைப் பெரிதாகத் தொடங்கிவிட்டாள். அந்த ஒரு எழுத்தே கேக்கின் கால்வாசியைத் தின்றுவிட்டது. 'லி'க்கு வந்தபோது விளிம்பு தெரிந்தது. 'ங்'கை நெருக்கி நிறுத்தினாள். மிச்சமிருந்த 'கம்' கேக்கின் பக்கவாட்டில், சுவரில் ஒட்டின பல்லி மாதிரிச் சரிந்து நின்றது. நேரமில்லை. சதீஸ்குமார் அப்படியே பெட்டியில் வைத்துக் கண்டி பஸ்ஸில் ஏறிப் போனான். பகல் வெயிலிலும் பஸ் நெரிசலிலும் அந்த இரண்டு எழுத்தும் வழுக்கி அட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மாலையில் வந்தவன் சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னான்.

"பெட்டியத் திறந்தா 'சுந்தரலிங்'னு மட்டும் இருக்கு. ஆபீஸே சிரிச்சிருச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"'தம்பி, கேக் நல்ல ருசியெண்டு உம்மட மனுசியிட்டச் சொல்லும். என்ர பேர்தான் பாதி வழியில இறங்கிப் போட்டுது' அப்படின்னாரு. அவருதான் எல்லாரையும் விட அதிகமா சிரிச்சாரு."

நிஷாந்தினி சிரிக்கவில்லை. கேக் தட்டுகளைக் கழுவப் போனாள்.

"ரெண்டு நாள்ல மறந்துருவாங்க நிஷா," என்றான் சதீஸ்குமார், அவள் முதுகைப் பார்த்து.

மறக்கவில்லை. கண்டியில் ஒரு அலுவலகத்துக்குள் நடந்த வேடிக்கை கட்டுகஸ்தோட்டைக்கு வர எவ்வளவு நேரமாகும். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், "பூ மட்டும் போடுங்க, எழுத்து வேணாம்" என்று தயவாகச் சொன்னார்கள். ஒரு பெண் கேக்கை வாங்கிய கையோடு, தன் பையிலிருந்து 'ஹெப்பி பர்த்டே' என்று வெட்டிய பிளாஸ்டிக் அட்டையை எடுத்து, நிஷாந்தினியின் கண்ணெதிரிலேயே ரோஜாக்களுக்கு நடுவில் குத்தினாள். ஒரு முழுக் காலையையும் செலவழித்துச் செய்த ரோஜாக்கள். அந்தக் குத்து அவளுக்கே விழுந்தது போலிருந்தது.

மறுநாள் காலை அவள் கடைத்தெருவுக்கு இறங்கிப் போனாள்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் கைரியாவின் புத்தகக் கடை இருக்கிறது. கைரியா நிஷாந்தினியைவிடச் சில வயது மூத்தவள். கொப்பி, பென்சில், வர்ணக் கடதாசி என்று சீலிங் வரை அடுக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்பதையெல்லாம் மனதில் வைத்திருப்பவள். நிஷாந்தினி பசைத்தாளும் ரிப்பனும் வாங்க ஓரிரு தடவை வந்திருக்கிறாள். பெயர் தெரியாத பழக்கம்.

"எழுத்துப் பழகுற தாள் இருக்குங்களா? கோடு போட்டது," என்று கேட்டாள் நிஷாந்தினி.

"ஈக்கி. எந்த வகுப்புப் புள்ளைக்கு?" 'இருக்கு' என்பது கைரியாவின் பேச்சில் 'ஈக்கி'.

பின்னால் சீருடைப் பிள்ளைகளோடு இரண்டு தாய்மார் நின்றிருந்தார்கள். 'எனக்கு' என்கிற சொல் நிஷாந்தினியின் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

"ஒன்னாம் வகுப்பு. எங்க அக்கா மகனுக்கு."

அவளுக்கு அக்கா கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"பேர் என்ன மகனுக்கு?"

வாசலில் ஒரு த்ரீவீல் ஆட்டோ நின்றிருந்தது. அதன் பின்கண்ணாடியில் யாரோ ஒரு தகப்பன் தன் பிள்ளையின் பெயரைச் சிவப்பில் ஒட்டியிருந்தான்.

"தர்சன்," என்றாள் நிஷாந்தினி.

கைரியா ஒரு கட்டுத் தாள்களை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கோடுகள். வரியின் தொடக்கத்தில் புள்ளிகளால் ஆன எழுத்து, அதன்மேல் பென்சிலை ஓட்டிப் பழகுவதற்கு. பிறகு வெறும் கோடுகள்.

"எழுத்தோட ஒடம்பு இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஈக்கணும். கொம்பும் வாலும் வெளிய போகலாம். ஒரு நாளைக்கு ஒரு தாள் போதும். கூட எழுதச் சொல்லிப் போட்டு அடிக்க வாணாம், என்ன?"

"அடிக்க மாட்டேன்," என்று உறுதி சொன்னாள் நிஷாந்தினி.

கேக் அடுப்புக்குள் போன பிறகு முக்கால் மணிநேரம் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளிலேயே அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவளுடைய எழுத்துகள் தனித்தனியாகப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு அளவில் நின்றதுதான் பிரச்சினை. இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்ததும், நெரிசலான பஸ்ஸில் இடம் கிடைத்தவர்களைப் போல ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன. 'அ'வை எங்கே தொடங்க வேண்டும் என்பதே அவளுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. நடுவில் எங்கோ தொடங்கி இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறாள்.

தாளில் கொஞ்சம் நிதானம் வந்ததும் ஐசிங்கில் முயன்றாள். கோடு போட்ட தாளை மேசையில் ஒட்டி, அதன்மேல் எண்ணெய்த் தாளை விரித்தாள். கோடுகள் அடியில் மங்கலாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஐசிங்கைப் பிழிந்து எழுதி, சரியில்லையென்றால் கத்தியால் வழித்து மறுபடி பைக்குள் போட்டு, மறுபடி எழுதினாள். பென்சிலைப் போல ஐசிங் நின்ற இடத்தில் நிற்காது. கை தயங்கினால் அந்த இடத்தில் ஒரு குமிழ் விழும். அவசரப்பட்டால் நூல் அறும். ஆகவே எழுத்து எங்கே போகிறது என்று கைக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நன்றாக வந்த எழுத்துகளை மாரி பிஸ்கட்டின்மேல் எழுதினாள். சதீஸ்குமார் அவற்றை ஒரு டப்பாவில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். பதினொரு மணித் தேநீருக்கு கிளார்க்மார் தங்கள் பெயரின் முதலெழுத்தைத் தேடி எடுத்துக் கடித்தார்கள்.

"ஜனார்த்தனனுக்கு 'ஜ' கிடைக்கலன்னு கோவம்," என்று ஒரு நாள் வந்து சொன்னான். "நாளைக்கு ரெண்டு போட்டு வச்சிரு."

தாள்கள் தீர்ந்து மறுபடி கடைக்குப் போனபோது கைரியா அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"தர்சன் எப்படி எழுதுறான்?"

"பரவாயில்லைங்க."

"அடுத்த தரம் வாரப்ப ஒரு தாள் கொண்டு வாங்களேன், பாப்போம்."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று பயந்து, அடுத்த வாரம் நிஷாந்தினி ஒரு தாளைக் கொண்டுபோனாள். கைரியா அதை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மிச்சம் அழுத்தி எழுதுறான். பென்சில இறுக்கிப் புடிக்கிறான் போல. பயந்த புள்ளையா?"

"கொஞ்சம்."

"எழுத்துப் பிழைச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. அழிச்சிட்டு எழுதலாம்." அவள் தாளை மறுபடி திருப்பினாள். "இந்த 'ழ'வப் பாருங்க. வால் நுனியில கொடி மாதிரி ஒரு சுழி. டீச்சர்மார் பரீட்சைப் புள்ளி கொறைப்பாங்க. ஆனா எனக்குப் புடிச்சீக்கி."

அது இலை முடிக்கிற பழக்கம். ஐசிங் இலையின் காம்பை அவள் அப்படித்தான் சுழித்து விடுவாள். கையில் ஊறிய சுழி எழுத்துக்கும் வந்துவிட்டது. அதைப் போய் எப்படிச் சொல்வது.

கைரியா ஒரு கண்ணாடிப் போத்தலைத் திறந்து, மாம்பழ வடிவத்தில் ஒரு அழிறப்பரை எடுத்து நீட்டினாள். "இது தர்சனுக்கு. சும்மா வச்சுக்கொள்ளச் சொல்லுங்க."

மேட்டில் ஏறி வரும்போது நிஷாந்தினி தன் விரல்களைப் பார்த்தாள். இல்லாத பிள்ளைக்குச் சொன்ன புத்திமதி, அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம்தான் வந்து சேர்ந்திருந்தது. அன்று பென்சிலைத் தளர்த்திப் பிடித்து எழுதினாள். கை வலிக்கவில்லை. எழுத்து இன்னும் நன்றாக வந்தது. பிழைத்த இடத்தை மாம்பழத்தால் அழித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டது. கைரியா வாங்கிப் பார்ப்பாள், சந்தோஷப்படுவாள், ஒன்றிரண்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வாள். தர்சனுக்குச் சாப்பாட்டில் என்ன விருப்பம், சளி பிடிக்குமா என்றெல்லாம் கேட்பாள். நிஷாந்தினியும் பதில் சொல்லிச் சொல்லி, தர்சன் முட்டை சாப்பிடமாட்டான், நாய்க்குப் பயம், மழையில் நனைவான் என்று ஒரு முழுப் பையனே உருவாகிவிட்டான். சதீஸ்குமாரிடம் சொன்னபோது அவன், "நாய்க்குப் பயமா? அப்ப உன்ன மாதிரித்தான்" என்றான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு பிற்பகலில் நிஷாந்தினி கடைக்குப் போனபோது, முன்கண்ணாடியில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று அவள் முதன்முதலில் கொண்டுவந்தது. மற்றது போன வாரம் கொண்டுவந்தது. கீழே கைரியாவின் கையெழுத்தில் 'தர்சன், தரம் 1. முன்பும் இப்போதும்' என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு தாய், நீல ரிப்பன் கட்டிய தன் மகளின் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"பாரு. ஒன்ன விடச் சின்னப் பையன். அவனால முடியுது, ஒனக்கு மட்டும் என்னா?"

சிறுமி தாளைப் பார்த்தாள். அழவில்லை. தன் கையைச் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் நிஷாந்தினிக்குக் கடைக்குள் போகக் கால் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருடைய கொப்பிகளையும் மேசையில் பரப்பிவைத்து, அவளுடையதை மட்டும் தூக்கிக் காட்டிய நாள்கள் நினைவுக்கு வந்தன. அன்று அவளோடு ஒப்பிடப்பட்டவர்களாவது உண்மையான பிள்ளைகள். இந்தச் சிறுமி, இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் கையெழுத்தோடு போட்டிபோட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குள் கைரியா அவள் கையிலிருந்த வெற்று அட்டைப்பெட்டியையும் அதில் ஒட்டியிருந்த பெயரையும் பார்த்துவிட்டாள்.

"நிஷா கேக். நீங்கதானா அந்தப் பூக் கேக் செய்ற ஆள்? இவ்வளவு நாளாச் சொல்லவே இல்லையே. எங்கட நிலூஷாவுக்கு நர்ஸ் டிரெயினிங் முடிஞ்சீக்கி. ஞாயித்துக்கெழம வீட்டுல சின்னதா ஒரு சாப்பாடு. எனக்கு ஒரு கேக் வேணும்."

நிலூஷா கைரியாவின் தங்கை. பேராதனைப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தவள்.

"பூ மட்டும் போட்டுத் தரவாக்கா?" என்றாள் நிஷாந்தினி பழக்கத்தில்.

"ஏன், எழுத்து வாணாமா? எழுதாம அது யாருக்குச் செஞ்ச கேக்னு கேக்குக்கே தெரியாதே." ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்: 'எங்கள் நிலூஷாவுக்கு வாழ்த்துகள்'. "வாரப்ப தர்சனையும் கூட்டிட்டு வாங்க. அவனப் பாக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?"

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சதீஸ்குமார் ஒரு வழி சொன்னான்.

"யாரு வீட்டுப் பையனையாவது ஒரு பகலுக்குக் கேட்டுப் பாப்பமா?"

"வெளாட்டு இல்லைங்க."

"அப்ப தர்சனுக்குக் காய்ச்சல்னு சொல்லிரு."

"இல்லாத புள்ளையாவே இருந்தாலும் காய்ச்சல் வர வைக்க மனசு வரல. அவங்க அவன் மேல அவ்வளவு அன்பா இருக்காங்க."

சதீஸ்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அப்ப உண்மையத்தான் சொல்லணும்."

"கேக்கக் குடுத்துட்டுச் சொல்லப் போறேன். திட்டினா திட்டட்டும்."

சனிக்கிழமை முழுக்க மழை. பூக்களை அன்றே செய்துவைத்தாள். எழுத்தை ஞாயிறு காலைக்கு விட்டாள். காலையில் வெயில் வந்திருந்தது. வெள்ளை ஐசிங் பூசிய கேக்கின்மேல், கோடு போடும் அடிமட்டத்தை ஐசிங்கில் படாமல் பிடித்து, பல் குத்தும் குச்சியால் மெல்லக் கீறினாள். இரண்டு கோடுகள், அதற்குக் கீழே இன்னும் இரண்டு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அவை கிடந்தன. பிறகு பையை எடுத்தாள்.

'எங்கள்' மேல் வரியில் ஏறி உட்கார்ந்தது. 'நிலூஷாவுக்கு' நீளமான சொல். 'லூ'வின் வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முடிவில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. இடம் மிஞ்சுவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டாவது வரியில் 'வாழ்த்துகள்' என்று எழுதி முடித்து நிமிர்ந்த பிறகுதான் கவனித்தாள்: 'ழ'வின் வால் கொடி போலச் சுழித்துக்கொண்டு நின்றது. கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது.

கத்தி பக்கத்தில்தான் இருந்தது. வழித்துவிட்டு நேராக எழுதலாம். அவள் கத்தியை எடுத்தாள், எழுத்தைப் பார்த்தாள், கத்தியைத் திரும்ப வைத்துவிட்டாள். அழகாக இருந்தது.

கைரியாவின் வீடு மடவளை ரோட்டில் இருந்தது. சதீஸ்குமார் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் அசையாமல் உட்கார்ந்துவந்தான். வாசலிலேயே புரியாணி வாசம் வந்தது. கைரியா இருவரையும் வரவேற்று, அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"தர்சன் எங்க?"

"உள்ள வந்து சொல்றேங்க்கா."

மேசையில் பெட்டியைத் திறந்தார்கள். நிலூஷா துப்பட்டாவைச் சரிசெய்தபடி ஓடிவந்து, உரக்க வாசித்தாள். "'எங்கள் நிலூஷாவுக்கு வாழ்த்துகள்'. ராத்தா, பாருங்களேன், அச்சடிச்ச மாதிரி ஈக்கி."

கைரியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பூக்களைப் பார்த்தாள், பிறகு எழுத்தைப் பார்த்தாள். குனிந்தாள். அவளுடைய விரல் 'வாழ்த்துகள்' என்ற சொல்லின்மேல், தொடாமல், காற்றில் மெதுவாக நகர்ந்து 'ழ'வுக்கு மேலே நின்றது.

"இது தர்சன்ட 'ழ'," என்றாள்.

சதீஸ்குமார் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தான்.

"தர்சன்னு ஒருத்தன் இல்லைங்க்கா," என்றாள் நிஷாந்தினி. "எனக்கு அக்காவும் இல்ல. அந்தத் தாளெல்லாம் நான் எழுதினது. அன்னைக்குக் கடையில எனக்குத்தான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் சொல்லச் சொல்ல வளந்துருச்சு."

கைரியா பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. யாரோ ஊரை விட்டுப் போய்விட்ட செய்தியைக் கேட்டதுபோல இருந்தாள்.

"நான் அந்தப் புள்ளைக்கு ஒவ்வொரு நாளும் துஆக் கேட்டேன்," என்றாள். "பயந்த புள்ளன்னு சொன்னீங்களே."

"அது பொய் இல்லக்கா. பயந்துகிட்டுத்தான் எழுதினேன். நீங்க பிழைச்சாலும் ஒன்னும் ஆகாதுன்னு சொன்னப்புறம்தான் கை இளகுச்சு."

"நாய்க்குப் பயம்னு சொன்னது?"

"அதுவும் இவளுக்குத்தான்," என்றான் சதீஸ்குமார்.

முதலில் சிரித்தவள் நிலூஷா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கைரியா அவளை முறைத்துப் பார்த்து, அந்த முறைப்பைக் காப்பாற்ற முடியாமல் தோற்றாள்.

"நான் குடுத்த அழிறப்பர்?"

"தேஞ்சு பாதியாயிருச்சுக்கா."

அதைக் கேட்டதும் கைரியா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். துடைத்துக்கொண்டு எழுந்து, "அப்ப என்ட துஆ வீண் போகல்ல. சேர வேண்டிய எடத்துக்குத்தான் சேந்தீக்கி. வாங்க, சாப்பாடு ஆறுது," என்றாள்.

சாப்பிடும்போது நிஷாந்தினி நீல ரிப்பன் சிறுமியைப் பற்றிச் சொன்னாள். கைரியா கையை நிறுத்தினாள். அந்தச் சிறுமியையும் தாயையும் அவளுக்குத் தெரியும்.

"நான் ஆசையிலதான் ஒட்டினேன். புள்ளைகள ஒப்பிட்டுப் பேசுவாங்கன்னு யோசிக்கல்ல. நாளைக்கே கழட்டிப் போடுறேன்."

"கழட்ட வேணாங்க்கா," என்றாள் நிஷாந்தினி. "பேர மட்டும் மாத்துங்க."

திங்கட்கிழமை காலை அவளே போய் மாற்றினாள். தாள்களுக்குக் கீழே, தடித்த கறுப்புப் பேனாவால், தன் கையாலேயே எழுதினாள்: 'நிஷாந்தினி, வயது 29. முன்பும் இப்போதும்.' எழுதும்போது பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். முதல் எழுத்தில் காது சூடானது. நான்காவது எழுத்துக்கு வந்தபோது சூடு போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், தர்சனின் பெயர் இருந்த காலத்தைவிட இப்போது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அதிகம் பேர் நின்றார்கள். ஒரு த்ரீவீல்காரர் வந்து, தன் மகளின் கல்யாணப் பதிவில் நல்ல கையெழுத்துப் போடவேண்டும் என்று தாள் கேட்டார். பக்கத்து மருந்துக்கடைப் பெண் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து ஒரு கட்டு வாங்கிப் போனாள். நீல ரிப்பன் சிறுமி ஒரு நாள் தாயோடு வந்து, எழுத்துக்கூட்டி வாசித்து, வயதைக் கண்டதும் தாயை நிமிர்ந்து பார்த்தாளாம். "அப்ப எனக்கு இன்னும் நெறைய நாள் இருக்கும்மா," என்றாளாம். தாய் மகளுக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தாள் என்று கைரியா சொன்னாள்.

நிஷாந்தினியிடம் எழுத்தோடு கேக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதில் ஒரு சிங்களப் பெண்மணி, தன் மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்குச் சிங்களத்திலேயே எழுத வேண்டும் என்றாள். முன்பென்றால் நிஷாந்தினி வேறு ஆளைக் கைகாட்டியிருப்பாள். இப்போது இரண்டு வாரம் நேரம் கேட்டாள். நேரே கடைக்குப் போய், "அக்கா, எனக்குச் சிங்கள எழுத்துத் தாள் ஒரு கட்டு தாங்க," என்றாள். கடையில் அப்போது ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

நிலூஷா ஆஸ்பத்திரி வேலையில் சேர இன்னும் சில வாரங்கள் இருந்தன. சிங்களத்தில் படித்து முடித்தவள், பிற்பகலில் மேடேறி வந்து குசினி மேசையில் எதிரே உட்கார்ந்துகொள்வாள். நிஷாந்தினி முதல் எழுத்தை எழுதினாள். தமிழைவிட உருண்டையாக, மொட்டுகள் போல இருந்தது. அவளுக்கு அது பிடித்துப்போனது. பிடித்துப்போன வேகத்தில் அடுத்த எழுத்தைக் கோட்டுக்கு வெளியே உருட்டிவிட்டாள்.

"இப்படி எழுதினா வாசிக்கிறவங்களுக்கு மருந்து குடுக்கணும்," என்றாள் நிலூஷா, பிழைத்த எழுத்துப் போட்ட பிஸ்கட்டைக் கடித்தபடி. "இன்னொன்னு எழுதுங்க."

நிஷாந்தினி தாளை நேராக்கி, அடுத்த வரிக்கு வந்தாள்.